ஒத்தெல்லோ கேட்காத கேள்வி

1963-ஆம் ஆண்டு வெளிவந்த 'இரத்தத் திலகம்' திரைப்படத்தில், நாடகத்துக்குள் நாடகமாக 'ஒத்தெல்லோ'வின் காட்சி ஒன்றைச் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்துக் காட்டினார்கள். ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்திராத பலருக்கும் அந்நாடகம் அவ்வழியே அறிமுகமாயிற்று. மனைவிமீது ஐயம் கொண்ட படைத்தலைவன் அவளைக் கொன்றான், அவள் மாசற்றவள் என்பதைக் காலம் கடந்து அறிந்தான், தன்னையும் மாய்த்துக்கொண்டான். 'ஒத்தெல்லோ' என்றதும் நம் நினைவில் நிற்பது இவ்வளவே. பொறாமை பொல்லாதது என்ற முடிவோடு நூலை மூடி வைத்துவிடுகிறோம்.

பொறாமை பொல்லாதது என்பதை அறிய நமக்கு ஒரு பெருநாடகம் தேவையில்லை. நாடகத்தை முதல் காட்சியிலிருந்து நிதானமாகப் படித்து வருகிறவர் மனத்தில் வேறொரு கேள்வி எழும். ஒத்தெல்லோ ஏன் டெஸ்டிமோனாவைக் கேட்கவில்லை? குற்றம் இன்னது, உடன்பட்டவன் இன்னான் என்று வெளிப்படையாகச் சொல்லி, இது உண்மையா என்று தக்க காலத்தில் ஒருமுறை கேட்டிருந்தால், இயாகோ கட்டிய கோட்டை அன்றே சரிந்திருக்கும். ஒரே கூரையின்கீழ் வாழும் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே அந்த ஒரு கேள்விக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று? இதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

முதல் விசாரணை

1604-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரின் பெருவிழாவன்று, லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் இந்நாடகம் நடிக்கப்பட்டதை அரண்மனைக் கணக்கேடு குறித்து வைத்திருக்கிறது. கதையின் மூலம் ஷேக்ஸ்பியருடையது அன்று. சிந்தியோ என்னும் இத்தாலிய எழுத்தாளர் 1565-இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் அது உள்ளது. அங்கே, படையின் கொடி ஏந்தும் அலுவலன் ஒருவன் தன் தலைவனின் மனைவிமீது ஆசை கொள்கிறான். ஆசை நிறைவேறாதபோது அது பகையாக மாறுகிறது. அதிலிருந்து சூழ்ச்சி பிறக்கிறது. ஷேக்ஸ்பியர் இக்கதையை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றைத் தொடக்கத்திலேயே சேர்த்தார். அது ஒரு விசாரணைக் காட்சி.

வெனிஸ் நகரத்து ஆட்சி மன்றம் நள்ளிரவில் கூடியிருக்கிறது. துருக்கியரின் கப்பற்படை சைப்ரஸ் தீவை நோக்கி வருவதாகச் செய்தி. அந்த நெருக்கடியின் நடுவே, மன்ற உறுப்பினரான பிரபான்ஷியோ கதறிக்கொண்டு வருகிறார். தம் மகளை மூர் இனத்தவனாகிய ஒத்தெல்லோ மந்திரத்தாலும் மருந்தாலும் மயக்கிக் கவர்ந்துகொண்டான் என்பது அவர் வழக்கு. குற்றம் சாட்டுபவர் ஊரறிந்த பெரியவர். குற்றம் சாட்டப்பட்டவனோ அயலான், கருநிறத்தவன். கோமகன் ஆத்திரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குற்றத்தைச் சொல்வது வேறு, மெய்ப்பிப்பது வேறு என்கிறார். அப்போது ஒத்தெல்லோ ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறான். அந்தப் பெண்ணை அழைத்து வாருங்கள், அவள் தன் தந்தையின் முன்னிலையில் பேசட்டும், அவள் வாய்மொழி எனக்கு எதிராக அமைந்தால் என் பதவியையும் உயிரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். டெஸ்டிமோனா வருகிறாள். தயங்காமல் பேசுகிறாள். தன் விருப்பத்தால் அவனை மணந்தேன் என்கிறாள். வழக்கு முடிகிறது.

அவளை அழைத்துவர அன்று அனுப்பப்பட்டவன் யார் தெரியுமா? இயாகோ. அவளிருக்கும் இடம் உனக்குத்தான் நன்கு தெரியும் என்று சொல்லி ஒத்தெல்லோவே அவனை அனுப்புகிறான்.

இதை மறவாமல் மனத்தில் வைத்துக்கொண்டு நாடகத்தின் கடைசிக் காட்சிக்குச் செல்வோம். படுக்கையறையில் விளக்கு எரிகிறது. நீ கைக்குட்டையைக் காசியோவுக்குக் கொடுத்தாய் என்று ஒத்தெல்லோ முதன்முறையாகக் குற்றத்தைப் பெயர் சொல்லி உரைக்கிறான். திடுக்கிட்ட டெஸ்டிமோனா சொல்லும் மறுமொழி என்ன? காசியோவை இங்கே வரவழையுங்கள், அவரையே கேளுங்கள் என்கிறாள். ஆட்சி மன்றத்தில் அவன் விடுத்த அதே வேண்டுகோள்! அன்று அவனுக்குக் கிடைத்தது. இன்று அவளுக்குக் கிடைக்கவில்லை. காசியோவின் வாய் அடைக்கப்பட்டுவிட்டது, நேர்மையாளனாகிய இயாகோ அதற்கு ஏற்பாடு செய்துவிட்டான் என்கிறான் ஒத்தெல்லோ. முதல் விசாரணையில் சாட்சியை அழைத்துவரச் சென்ற அதே ஆள், இரண்டாம் விசாரணையில் சாட்சியை ஒழித்துக்கட்ட அனுப்பப்பட்டிருக்கிறான். கொடுமை என்னவென்றால், அந்தச் சாட்சி சாகவே இல்லை. காலில் காயத்தோடு காசியோ சற்று நேரத்தில் அதே அறைக்குள் கொண்டுவரப்படுகிறான். கேள்வி கேட்கப்பட்டதும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். கேட்க வேண்டிய காலமோ கடந்துவிட்டது.

அந்நியனாகிய தனக்கு ஒரு நகரம் வழங்கிய நீதியை, தன்னை நம்பி வந்த மனைவிக்கு அவன் மறுத்தான். இந்நாடகத்தில் நிகழும் பெரிய துரோகம் இதுவே என்பது என் எண்ணம். அவள் செய்ததாக அவன் நம்பிய துரோகம் நடக்கவேயில்லை. அவன் அவளுக்குச் செய்த துரோகமோ கொலைக்கு முன்பே நடந்துமுடிந்துவிட்டது. ஒருவரைக் கேளாமலே குற்றவாளி என்று மனத்தில் எழுதிவிட்ட அந்த நொடியில் அது நிறைவேறிவிட்டது.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறு நமக்குத் தெரியும். மதிப்புக்குரிய முதியோர் இருவர் சேர்ந்து அவள்மீது பழி சுமத்துகிறார்கள், மக்கள் நம்பிவிடுகிறார்கள், சாவுத் தீர்ப்பும் ஆகிவிடுகிறது. இளைஞரான தானியேல் செய்தது பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். இருவரும் இரு வேறு மரங்களைச் சொன்னார்கள். பொய் தானே உடைந்தது. சைப்ரஸில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

கண் கண்டது, காது கேளாதது

ஒத்தெல்லோ ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்வது முழு உண்மையாகாது. அவன் சான்று கேட்கிறான். யாரிடம்? இயாகோவிடம். எத்தகைய சான்று? கண்ணால் காணத்தக்க சான்று. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி இந்நாடகத்தின் இதயம். மனைவியை அன்போடு அனுப்பிவைக்கும் கணவனாக அதில் தொடங்குகிறவன், அவளைக் கொல்வதாகச் சூளுரைத்து முடிக்கிறான். இடையில் இயாகோ உறுதியாகச் சொன்னது மிகக் குறைவு. சொல்லத் தொடங்கி நிறுத்துகிறான். ஒத்தெல்லோவின் சொற்களையே திருப்பிச் சொல்கிறான். பொறாமைக்கு இடங்கொடாதீர்கள் என்று நல்லவனைப்போல எச்சரிக்கவும் செய்கிறான். தந்தையை ஏமாற்றி உங்களை மணந்தவள் அல்லவா என்று நினைவூட்டுகிறான். காசியோ உறக்கத்தில் உளறினான் என்று ஒரு கனவைச் சொல்கிறான். இறுதியில் கைக்குட்டையைக் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

அடுத்த அங்கத்தில் இன்னும் நுட்பமான ஒரு காட்சி உண்டு. ஒத்தெல்லோவை மறைந்து நிற்கச் சொல்லிவிட்டு, இயாகோ காசியோவிடம் பியான்கா என்னும் பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறான். காசியோ சிரிக்கிறான், கையசைத்துக் கேலி செய்கிறான். தூரத்தில் நிற்கும் ஒத்தெல்லோவுக்கு அந்தச் சிரிப்புத் தெரிகிறது. பேச்சு யாரைப் பற்றியது என்பது தெரியவில்லை. தன் மனைவியைப் பற்றித்தான் என்று அவனே பொருள் கூட்டிக்கொள்கிறான். கண் கண்டது, காது கேட்கவில்லை, நடுவில் இருந்த வெற்றிடத்தை ஐயம் நிரப்பியது. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்று நம் மக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை.

பிறகு அவன் எமிலியாவை விசாரிக்கிறான், உண்மைதான். அவள் தன் ஆன்மாவையே பணயம் வைத்து டெஸ்டிமோனாவின் கற்புக்குச் சாட்சி சொல்கிறாள். அவன் அதை ஏற்கவில்லை. டெஸ்டிமோனாவையும் கடுஞ்சொற்களால் சுடுகிறான். யாரிடம், யாரோடு, எவ்வாறு நான் தவறினேன் என்று அவள் மன்றாடிக் கேட்கிறாள். அவன் பெயர் சொல்லவில்லை. முடிவு செய்துவிட்டவன் கேட்கும் கேள்வி கேள்வியாகாது. குற்றம் இன்னதென்று அறியாதவள் எதை மறுப்பாள்?

ஏன் அவன் நேராகக் கேட்கவில்லை? திறனாய்வாளர்கள் இதில் இரு வேறு திசைகளில் சென்றிருக்கிறார்கள். 1904-இல் பிராட்லி, ஒத்தெல்லோ இயல்பில் பொறாமைக்காரன் அல்லன், இயாகோவின் சூழ்ச்சித் திறத்துக்கு முன் எவரும் வீழ்ந்திருப்பர் என்ற கருத்தை வலியுறுத்தினார். 1937-இல் லீவிஸ் அதை மறுத்து, ஒத்தெல்லோ அவ்வளவு விரைவில் வீழ்ந்ததற்குக் காரணம் அவனுள்ளேயே இருந்தது என்றார். இரண்டிலும் உண்மை உண்டு. இயாகோ விதைத்தது உண்மை. நிலம் பண்பட்டுக் கிடந்ததும் உண்மை. நான் கருநிறத்தவன், நயமாகப் பேசத் தெரியாதவன், வயதும் ஏறிவிட்டது, அதனால்தான் போய்விட்டாளோ என்று அதே காட்சியில் அவன் தனக்குள் புலம்புகிறான். கூர்ந்து பார்த்தால், அவன் ஐயம் முதலில் டெஸ்டிமோனாவைப் பற்றியதன்று, தன்னைப் பற்றியது. என்னை ஒருத்தி இவ்வளவு நேசிக்கக்கூடுமா என்ற ஐயம் அது. வெனிஸ் நகரம் அவனுடைய வாளை மதித்தது. அவனைத் தன் மகனாக ஏற்கவில்லை. அந்தக் காயம் அவனுள் ஆறாமல் கிடந்தது. வெனிஸ் நகரத்துப் பெண்களின் வழக்கம் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று இயாகோ சொன்னபோது, அவன் விரல் வைத்தது அந்தக் காயத்தில்தான். தான் பெற்ற அன்புக்குத் தான் தகுதியுள்ளவன் என்று நம்ப முடியாதவன், அந்த அன்பு பறிபோய்விட்டது என்ற செய்தியை எளிதில் நம்பிவிடுகிறான்.

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரைப் பின்னர் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே நீங்காத துன்பத்தைத் தரும் என்பது 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் வைத்திருக்கும் கருத்து. ஒத்தெல்லோ ஒரே நாளில் இரண்டையும் செய்தான். இயாகோவை ஆராயாமல் நம்பினான். ஊரார் முன்னிலையில் வாக்குமூலம் தந்து தன் உண்மையை நிலைநாட்டியவளை ஐயுற்றான்.

கோள் சொல்பவனின் நோய்

தமிழில் நாம் பொறாமை என்றும் சந்தேகம் என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம். பிறர் பெற்ற பேறு கண்டு வேகும் மனம் பொறாமை கொண்டது. தன்னுடையது பறிபோயிற்றோ என்று நடுங்கும் மனம் சந்தேகம் கொண்டது. ஒத்தெல்லோவுக்கு வந்தது சந்தேகம். இயாகோவிடமோ இரண்டும் இருந்தன. துணைத் தளபதிப் பதவி தனக்குக் கிடைக்காமல் காசியோவுக்குப் போனது என்பது அவன் பொறாமை. இதற்கு மேல், தன் மனைவி எமிலியாவுக்கும் ஒத்தெல்லோவுக்கும் தொடர்பு இருந்ததாக ஒரு பேச்சு உண்டு என்று முதல் அங்கத்தின் முடிவில் தனியே நின்று சொல்கிறான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் வெறும் ஐயத்தையே உறுதியாகக் கொண்டு செயல்படுவேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

இந்த ஓர் எண்ணத்தில் நாடகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இயாகோவும் கேட்கவில்லை! தன் மனைவியைக் கேட்கவில்லை. தன் தலைவனைக் கேட்கவில்லை. நான்காம் அங்கத்தில் எமிலியா மனம் நொந்து சொல்கிறாள்: யாரோ ஒரு கயவன்தான் முன்பு உங்கள் காதிலும் இப்படி ஓதி, என்னையும் அந்த மூரையும் பற்றி ஐயப்பட வைத்தான் என்று. அப்படியானால் இயாகோவின் காதிலும் எவனோ ஒருவன் நஞ்சு ஊற்றியிருக்கிறான். அந்த நஞ்சையே அவன் ஒத்தெல்லோவின் காதுக்கு மாற்றினான். தன்னிடம் இருந்த நோயைத்தான் அவனால் பிறருக்குக் கொடுக்க முடிந்தது. கோள் ஒரு தொற்றுநோய். கேட்டவர் அதைச் சரிபார்க்காமல் வைத்திருந்தால், என்றாவது ஒருநாள் அது இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எமிலியாவின் மௌனம்

இயாகோவைக் கண்டு நாம் நடுங்குகிறோம், ஒத்தெல்லோவுக்காக இரங்குகிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் யாருக்கு நெருக்கமானவர்கள் என்று கேட்டால், எமிலியாவுக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

கைக்குட்டை கீழே விழுந்தபோது அதை எடுத்தவள் அவள். கணவன் பலமுறை கேட்ட பொருள் அது, கொடுத்தால் மகிழ்வான். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அதில் கொலைக்குற்றம் எதுவுமில்லை. ஆனால் அடுத்த காட்சியில், கைக்குட்டை எங்கே போயிற்று என்று தலைவி தவிக்கும்போது, தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறாள். அதன்பின் ஒத்தெல்லோ அக்கைக்குட்டையைக் கேட்டு இடிமுழக்கம் செய்வதையும் அருகில் நின்று பார்க்கிறாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. டெஸ்டிமோனாவும் அச்சத்தால், அது தொலையவில்லை என்று ஒரு சிறு பொய் சொல்லிவிடுகிறாள். ஐயம் குடிபுகுந்த வீட்டில் குற்றமற்றவருக்கும் நாக்குத் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

1693-இல் தாமஸ் ரைமர் என்னும் திறனாய்வாளர், ஒரு கைக்குட்டையை வைத்து இவ்வளவு பெரிய துன்பியல் நாடகமா என்று எள்ளி நகையாடினார். வாழ்க்கையை அறிந்தவர் அப்படி நகைக்க மாட்டார். மொட்டைக் கடிதம் ஒன்றால் முறிந்த திருமணங்களை நம் ஊர்களில் நாம் கண்டதில்லையா? இன்று கடிதம் போய்க் கைப்பேசித் திரை வந்திருக்கிறது. வரியொன்றைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்து மற்றவருக்கு அனுப்புவது, மறைந்து நின்று காசியோவின் சிரிப்பைப் பார்க்க வைப்பதற்கு நிகரானது. பொருள் சிறிதாகலாம், அதன்மேல் ஏற்றப்படும் பொருள் பெரிது. நமக்குத் தெரிந்த ஓர் உண்மையை, நமக்கேன் வம்பு என்று சொல்லாமல் விட்டு, ஒருவர்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் நமக்கும் இருக்கும்.

எமிலியாவின் பெருமை அவள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதில் இருக்கிறது. தலைவியின் உடலருகே நின்று உண்மை அனைத்தையும் உணர்ந்தபோது அவள் பேசுகிறாள். வாயை மூடு, வீட்டுக்குப் போ என்று கணவன் ஆணையிடுகிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது அன்று என்கிறாள். இனி ஒருபோதும் வீடு திரும்பமாட்டேன் போலும் என்பதையும் அறிந்தே சொல்கிறாள். உருவிய வாள் எதிரே நிற்கிறது. அவள் பேசி முடிக்கிறாள். இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். ஒரு சொல்லை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டதற்குத் தன் தலைவியின் உயிர் விலையாயிற்று. அதே சொல்லைக் காலம் கடந்து சொல்லத் தன் உயிரை விலையாகக் கொடுத்தாள்.

பலி என்று பெயரிட்ட கொலை

கொல்லும் முன் ஒத்தெல்லோ, இன்றிரவு செபித்தாயா என்று மனைவியைக் கேட்கிறான். மன்னிப்புப் பெறாத பாவம் ஏதேனும் இருந்தால் இப்போதே மன்றாடிக்கொள், உன் ஆன்மாவைக் கொல்ல மாட்டேன் என்கிறான். இதைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கிறது. அவன் தன்னை ஒரு கொலைகாரனாகக் காணவில்லை. நீதிபதியாகவும் குருவாகவும் காண்கிறான். அவள் மறுத்தபோது, நான் பலி என்று எண்ணியதை நீ கொலையாக்குகிறாய் என்று சினக்கிறான். ஒரே ஒரு செபம் சொல்லும் நேரம் கேட்கிறாள் அவள். செபித்தாயா என்று கேட்டவன் அந்த நேரத்தைத் தரவில்லை.

வெறுப்பு வெறுப்பாகவே வரும்போது அதை அடையாளம் காண்பது எளிது. நீதியின் உடையும் பக்தியின் மொழியும் அணிந்து வரும்போதுதான் அது நம்மை ஏமாற்றும். குடும்ப மானத்துக்காக, ஒழுக்கத்துக்காக, பிறரும் கெடாதிருப்பதற்காக என்று சொல்லிக்கொண்டு கேளாமலே தீர்ப்பிடுகிறவர்கள், தாம் பலி செலுத்துவதாகவே நினைக்கிறார்கள். உண்மையான நீதி இந்நாடகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் செய்யப்பட்டது. வெனிஸ் நகரத்து அவையில், போர்ச் செய்தியால் கலங்கிய நள்ளிரவில், ஓர் அயலானின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்து ஒரு பெண்ணை அழைத்துவர ஆளனுப்பினார்களே, அங்கே.

கேட்பது எளிதன்று என்பதும் உண்மையே. கேட்டால் நம் மனத்தில் இருந்த அழுக்கு வெளிப்படும், நாம் சிறுத்துப்போவோம். சில வேளை நாம் அஞ்சியதே விடையாக வரவும் கூடும். அதற்கெல்லாம் துணிந்துதான் கேட்க வேண்டும். போர்க்களத்தில் எதற்கும் அஞ்சாத ஒத்தெல்லோவுக்கு இந்தத் துணிவு மட்டும் வரவில்லை.

உண்மை வெளிப்பட்ட பிறகு அவன் கேள்வி கேட்கிறான். என்னை ஏன் இப்படிச் சிக்கவைத்தான் என்று இயாகோவிடம் கேட்டுச் சொல்லும்படி மற்றவர்களை வேண்டுகிறான். இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்கிறான் இயாகோ. கேட்டால் விடை சொல்லியிருக்கக்கூடியவள் படுக்கையில் உயிரற்றுக் கிடக்கிறாள். அவள் இறுதி மூச்சில், இதைச் செய்தது யார் என்று எமிலியா கேட்டதற்கு, யாருமில்லை, நானேதான் என்ற பொருள்படச் சொல்லிக் கணவனைக் காக்க முயன்றிருந்தாள். அவளுக்கு எதிராகச் சொல்லப்பட்ட பொய்களையெல்லாம் அவன் நம்பினான். அவனுக்காக அவள் சொன்ன அந்தப் பொய்யைக் கேட்டபோதோ, அவளைப் பொய்யள் என்று பழித்தான்.